மாடு மேய்ந்தால்தான் வாழும் ஈ: வாழிடம் என்பது வெறும் இடமா?

ஓர் உயிரினம் அருகிவருகிறது என்று செய்தி வந்தால், காரணம் சொல்லும் இடத்தில் பெரும்பாலும் ஒரே பதில்தான் இருக்கும்: வாழிட இழப்பு. படித்தவுடன் மனதில் ஒரு காட்சி ஓடுகிறது. மரங்களை வெட்டுகிறார்கள், ஏரியில் மண்ணைக் கொட்டுகிறார்கள், கட்டடம் எழும்புகிறது. இடம் போயிற்று, அதோடு உயிரும் போயிற்று. புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

அப்படி நடப்பது உண்மைதான். அமெரிக்காவில், தெற்குக் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ, ரிவர்சைடு மாவட்டங்களில் காற்று அடித்துக் குவித்த ஒரு வகை மணல்வெளி இருந்தது. அந்த மண்வகைக்கு டெல்லி மணல் என்று பெயர். அதில் மட்டுமே வாழும் ஒரு பெரிய ஈ, 1993-இல் அந்த நாட்டின் அழிவாபத்து உயிரினச் சட்டத்தின் பட்டியலில் ஏறியது. அந்தப் பட்டியலில் சேர்ந்த முதல் ஈ அதுதான். அதன் மணல்வெளியில் மிகப் பெரும்பகுதி வயலாகவும் வீடாகவும் சாலையாகவும் கிடங்காகவும் மாறிவிட்டது. மண்ணை மூடினார்கள், ஈ ஒடுங்கியது. இந்தக் கதையைப் புரிந்துகொள்ள விளக்கக் கட்டுரை தேவையில்லை.

இன்னொரு வகை இழப்பு இருக்கிறது. அங்கே யாரும் எதையும் வெட்டவில்லை, கட்டவில்லை. நிலம் அப்படியே கிடக்கிறது. முன்பைவிடப் பசுமையாகக்கூடத் தெரிகிறது. ஆனால் அங்கே இருந்த உயிர் காணாமல் போய்விட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காதது போலத் தோன்றுகிற இந்த இழப்பைத்தான் நாம் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறோம். பிரிட்டனில் வாழும் ஒரு வேட்டைக்கார ஈயை வைத்து இதைப் பார்க்கலாம்.

முதலில் ஒரு வாரச்சந்தை

ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அங்கே சந்தை கூடும். விடிகாலையிலேயே காய்கறி மூட்டைகள் இறங்கும். கருவாட்டுக்காரர் ஒரு பக்கம், ஆட்டு வியாபாரி ஒரு பக்கம். பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். புதன்கிழமை போனால் வெறும் பொட்டல்தான்.

இதில் சந்தை என்பது எது? அந்தப் பொட்டலா? பொட்டல் தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது. விளைவித்தவர் வர வேண்டும், வாங்குபவர் வர வேண்டும், இரண்டு பேரும் ஒரே நாளில் வர வேண்டும். இதில் ஒன்று நின்றாலும் சந்தை நின்றுவிடும். பொட்டலைச் சுற்றி மதில் எழுப்பி, கேட்டுக்குப் பூட்டுப் போட்டு, ஒருவரையும் உள்ளே விடாமல் காத்தால் பொட்டல் பத்திரமாக இருக்கும். சந்தை இருக்காது.

வாழிடமும் இப்படித்தான். ஓர் உயிரினம் பிறந்து, தின்று, வளர்ந்து, அடுத்த தலைமுறையை உண்டாக்குவதற்கு வேண்டிய எல்லாமே வேண்டிய நேரத்தில் எட்டுகிற தூரத்தில் கிடைக்கிற சூழல்தான் அதன் வாழிடம். வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுகிற நிலம் அதன் ஒரு பகுதி மட்டுமே.

யார் இந்த ஈ?

ஈ என்றால் நமக்குச் சாப்பாட்டு இலையைச் சுற்றும் வீட்டு ஈதான் நினைவுக்கு வரும். ஆனால் ஈக்களின் உலகம் மிகப் பெரியது. அதில் ‘ராபர் ஃபிளை’ என்று ஒரு குடும்பம் உண்டு. தமிழில் கொள்ளைக்கார ஈ என்று சொல்லலாம். உலகம் முழுவதும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இதில் இருக்கின்றன. நம் ஊர்ப் பக்கமும் வெயில் நேரத்தில் குச்சி நுனியில் உட்கார்ந்து, பறந்துபோகும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும் கொள்ளைக்கார ஈக்கள் உண்டு. பார்த்திருப்பீர்கள், ஈ என்று நினைத்திருக்க மாட்டீர்கள்.

நம் கதாநாயகன் அந்தக் குடும்பத்தில் ஒரு பெரிய ஆள். அறிவியல் பெயர் அசிலஸ் கிராப்ரோனிஃபார்மிஸ். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-இல் வைத்த பெயர். ஆங்கிலத்தில் ஹார்னெட் ராபர்ஃபிளை என்பார்கள். பார்க்கக் கதண்டு என்கிற பெரிய குளவி போலவே இருப்பதால் நாம் இதைக் கதண்டு ஈ என்று வைத்துக்கொள்ளலாம். உடல் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். பிரிட்டனின் மிகப் பெரிய ஈக்களில் இதுவும் ஒன்று. வயிற்றின் முன்பாதி கருப்பு, பின்பாதி பளிச்சென்ற மஞ்சள். காலும் சிறகும் செம்பழுப்பு. தெரியாமல் பார்ப்பவர் கொட்டிவிடும் என்று விலகிப் போவார். இதற்குக் கொடுக்கே கிடையாது. கொட்டும் பூச்சியின் வேடத்தைப் போட்டுக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்பிக்கிற தந்திரம் இது.

அது வேட்டையாடும் விதம் பார்க்கத் தகுந்தது. வெயில் படும் வெட்டவெளியில் ஒரு கல், ஒரு காய்ந்த கட்டை, ஒரு சாணி, எதன் மேலாவது உட்கார்ந்து காத்திருக்கும். இரண்டு பெரிய கண்களும் ஆகாயத்தையே கவனித்துக்கொண்டிருக்கும். வண்டோ வெட்டுக்கிளியோ வேறு ஈயோ கடந்தால் சட்டென்று எழும்பும், பறக்கும்போதே முள் நிறைந்த கால்களால் அணைத்துப் பிடிக்கும். பிடித்த உடனே கூரிய வாயுறுப்பைக் குத்தி எச்சிலைச் செலுத்தும். அந்த எச்சில் இரையை முடக்கிவிடும், உள்ளே இருப்பதையும் கரைத்துவிடும். கரைந்ததை ஈ உறிஞ்சிக் குடிக்கும். மிஞ்சுவது வெறும் கூடு. துள்ளும் இரை கண்ணைக் கீறிவிடாமல் இருக்க முகத்தில் மீசை போலக் கெட்டியான மயிர்க்கற்றை வேறு.

இந்தக் காட்சியைப் பார்க்க ஜூலை முதல் அக்டோபர் வரைதான் நேரம். ஆகஸ்டும் செப்டம்பரும் நல்ல மாதங்கள். இடம், தெற்கு இங்கிலாந்தும் வேல்ஸின் தெற்கு, மேற்குப் பகுதிகளும். முன்பு பரவலாக இருந்த ஈ இருபதாம் நூற்றாண்டில் பல இடங்களிலிருந்து மறைந்தது. இப்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டப்படி முன்னுரிமை கொடுத்துக் கவனிக்க வேண்டிய உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது.

கண்ணில் படாத பாதி வாழ்க்கை

சிறகோடு பறக்கும் சில வாரங்கள்தான் இந்த ஈயைப் பற்றி நமக்குத் தெரிகிற பகுதி. அதன் வாழ்நாளில் பெரும்பகுதி மண்ணுக்குள் கழிகிறது.

பெண் ஈ பெரும்பாலும் சாணியிலோ அதன் ஓரத்து மண்ணிலோ முட்டையிடும். மாட்டுச் சாணி, குதிரைச் சாணம், சில இடங்களில் முயல் புழுக்கைகூட. முட்டையிலிருந்து வரும் புழு மண்ணுக்குள் இறங்கிவிடும். அந்தப் புழுவும் வேட்டைக்காரன்தான். மண்ணுக்குள் இருக்கும் வண்டுப் புழுக்கள், குறிப்பாகச் சாணி வண்டுகளின் புழுக்கள், அதன் உணவு என்பது ஆய்வாளர்களின் கருத்து. அப்படி மண்ணிலேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, சிறகோடு வெளியே வர இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் ஆகும்.

இந்த ஈயின் வாழ்க்கையில் சாணி எத்தனை இடத்தில் வருகிறது என்று பாருங்கள். முட்டையிடும் இடம் சாணி. புழுவுக்கு இரை சாணியால் வளரும் வண்டுகளின் குஞ்சுகள். வளர்ந்த ஈக்கு உட்கார்ந்து காத்திருக்கும் மேடை சாணி, அதைத் தேடிப் பறந்து வரும் வண்டும் ஈயும் அதன் சாப்பாடு. சாணியை எடுத்துவிட்டால் ஒரே வீச்சில் இத்தனையும் தளர்ந்துவிடும்.

சுருக்கமாக, இதுவரை பார்த்தது: கதண்டு ஈ ஒரு வேட்டைக்காரன். புழுவாக இருக்கும்போதும் வேட்டைதான், சிறகு முளைத்த பிறகும் வேட்டைதான். இரண்டு பருவத்திலும் அதன் சாப்பாடு சாணியைச் சார்ந்து வருகிறது.

சாணி என்கிற உலகம்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாக நிற்கலாம், ஏனென்றால் மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

மேய்கிற மாடு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை சாணி போடும். விழுந்த சில நிமிடங்களிலேயே ஈக்கள் வந்து சேரும். அப்புறம் வாசனை பிடித்துச் சாணி வண்டுகள் வரும். சாணி வண்டு என்றதும் உருண்டை உருட்டிப் போகும் வண்டுதான் நமக்கு ஞாபகம் வரும். பிரிட்டனில் உருட்டும் வண்டுகள் இல்லை. அங்கே இருக்கும் சுமார் அறுபது இனங்களில் சில சாணிக்குள்ளேயே குடியிருந்து முட்டையிடும். மற்றவை சாணிக்குக் கீழே குழி தோண்டி, சாணியை உள்ளே இழுத்துக்கொண்டு போய்ச் சேமித்து, அதில் முட்டையிடும். இந்த இரண்டாவது வகையால்தான் சாணி மண்ணுக்குள் இறங்குகிறது, மண் பொலபொலப்பாகிறது, மழைநீர் உள்ளே போக வழி கிடைக்கிறது.

வண்டும் ஈயும் வந்தால் அவற்றைத் தின்பவையும் வரும். மஞ்சள் சாணி ஈ என்று ஒன்று சாணியின் மேலேயே நின்று சிறு பூச்சிகளைப் பிடிக்கும். தரைவண்டுகள் வரும், பறவைகள் வந்து சாணியைக் கிளறும். வெளவால்களில் பெரிய லாட வெளவால் போன்றவை மாலையில் மேய்ச்சல் நிலத்தின் மேல் பறந்து சாணி வண்டுகளைப் பிடிக்கும். கதண்டு ஈ இந்தக் கூட்டத்தில் ஒருவன்.

சாணி வந்து கொண்டே இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஒரு சாணி சில வாரங்களில் காய்ந்து, சிதைந்து, மண்ணோடு கலந்துவிடும். அதற்குள் புதுச் சாணி பக்கத்தில் விழுந்திருக்க வேண்டும். ஒரு வருடம் மாடு மேய்ந்து அடுத்த வருடம் மேயவில்லை என்றால் சாணி வண்டுகளின் ஒரு தலைமுறை குறையும். கதண்டு ஈயின் புழுவுக்கோ இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து மண்ணில் இரை இருக்க வேண்டும். நடுவில் ஒரு வருடம் அறுந்தாலும் அதற்குப் பட்டினி.

இதைத்தான் தொடர்ச்சி என்பார்கள். வாழிடம் பற்றிப் பேசும்போது பரப்பளவை எல்லோரும் கேட்கிறார்கள். தொடர்ச்சியைக் கேட்பவர் குறைவு. நூறு ஏக்கர் இருக்கிறதா என்று கேட்பதைவிட, கடந்த பத்து வருடம் அங்கே இடைவிடாமல் மேய்ச்சல் நடந்ததா என்று கேட்பது இந்த ஈயைப் பொறுத்தவரை நல்ல கேள்வி.

மாடு நின்றதும் என்ன ஆனது?

இரண்டாம் உலகப் போரின்போதும் அதற்குப் பிறகும் பிரிட்டனின் விவசாயம் தலைகீழாக மாறியது. பழைய புல்வெளிகளை உழுது விதைத்தார்கள், உரம் போட்டு ஒரே வகைப் புல்லை வளர்த்தார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தாழ்நிலப் பகுதிகளில் இருந்த பழைய புல்வெளிகளில் 97 சதவீதம் 1930-களுக்கும் 1984-க்கும் இடையில் போய்விட்டன என்பது அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. இது முதல் வகை இழப்பு. நிலமே மாறிவிட்டது.

உழுவதற்கு லாயக்கில்லாத நிலங்களும் இருந்தன. மணற்பாங்கான புதர்வெளிகள், சுண்ணாம்புக் குன்றுச் சரிவுகள். அவற்றை யாரும் உழவில்லை. ஆனால் அங்கே மாடு மேய்ப்பது லாபமில்லாமல் போனது, மேய்ப்பவர்கள் விட்டுவிட்டார்கள். மாடு நின்றது. புல் உயர்ந்தது. புல்லுக்கு மேல் முட்புதர் வந்தது, பிர்ச், பைன் மரங்கள் முளைத்தன. இருபது முப்பது வருடத்தில் வெட்டவெளி இளங்காடாகிவிட்டது. தூரத்தில் நின்று பார்த்தால் அழகுதான். வெயிலில் உட்கார்ந்து இரை பிடிக்கும் ஈக்கு அங்கே வெயிலும் இல்லை, சாணியும் இல்லை, வண்டும் இல்லை.

இதோடு இன்னொரு அடியும் விழுந்தது. முயல்களும் புல்லைக் கட்டையாக வைத்திருந்தன. 1953-இல் மிக்ஸோமடோசிஸ் என்ற வைரஸ் நோய் பிரிட்டனுக்கு வந்தது. சில வருடங்களுக்குள் அந்த நாட்டு முயல்களில் மிகப் பெரும்பாலானவை செத்துப்போயின. மாடும் இல்லை முயலும் இல்லை என்றான சரிவுகளில் புல் மளமளவென்று வளர்ந்தது.

இதே காலத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சிக்கு நடந்ததைச் சொன்னால் விஷயம் இன்னும் தெளிவாகும். பெரிய நீலன் என்று சொல்லத்தக்க ‘லார்ஜ் புளூ’. அதன் புழு ஒரு கட்டத்துக்கு மேல் செடியைத் தின்னாது. மிர்மிக்கா சபுலெட்டி என்ற எறும்பு அதைத் தன் குஞ்சு என்று நினைத்துப் புற்றுக்குத் தூக்கிக்கொண்டு போகும். அங்கே எறும்புக் குஞ்சுகளைத் தின்று அது வளரும். அந்த எறும்புக்குச் சூடான மண் வேண்டும். புல் சில சென்டிமீட்டர் உயர்ந்தாலே மண்ணில் நிழல் விழுந்து சூடு குறைந்துவிடும், அந்த எறும்பு போய் வேறு எறும்பு வரும். செடி இருந்தது, நிலம் இருந்தது, வண்ணத்துப்பூச்சியைப் பிடிப்பவர்களைத் தடுத்தும் பார்த்தார்கள். 1979-இல் அது பிரிட்டனிலிருந்து அற்றுப்போனது. ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் எறும்புக்கும் புல்லின் உயரத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த பிறகுதான் காரணம் புரிந்தது. மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, 1983 முதல் ஸ்வீடனிலிருந்து எடுத்து வந்த பூச்சிகளை விட்டார்கள். இப்போது அது அங்கே மீண்டும் பறக்கிறது. பூச்சிப் பாதுகாப்பில் இவ்வளவு தெளிவாக வெற்றி பெற்ற கதைகள் குறைவு.

கதண்டு ஈயும் பெரிய நீலனும் உறவுக்காரர்கள் இல்லை, ஒன்றின் தேவை மற்றதன் தேவையும் இல்லை. ஆனால் இரண்டையும் விரட்டியது ஒன்றே: நிலத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு வேலை நின்றுபோனது.

மாடு இருந்தும் ஈ இல்லை என்றால்?

சரி, மாடு மேய்கிற இடத்திலாவது ஈ இருக்க வேண்டுமே? எல்லா இடத்திலும் இல்லை. இங்கேதான் கதை மாட்டின் வயிற்றுக்குள் போகிறது.

மாடு, ஆடு வளர்ப்பவர்களுக்குக் குடற்புழு நீக்க மருந்து தெரியாமல் இருக்காது. மாட்டின் குடலிலும் நுரையீரலிலும் வாழும் ஒட்டுண்ணிப் புழுக்களைக் கொல்லக் கொடுப்பது. இதில் உலகத்தையே மாற்றிய மருந்து ஐவர்மெக்டின். கொரோனா காலத்தில் இந்தப் பெயர் நம் ஊரிலும் அடிபட்டது நினைவிருக்கலாம். ஜப்பானில் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து இது பிறந்தது. வில்லியம் கேம்ப்பெல் அதை மருந்தாக்கும் வேலையில் முன்னின்றார். இருவருக்கும் 2015-இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆப்பிரிக்காவில் ஆற்றுக் குருடு என்ற நோயிலிருந்து ஏராளமானவர்களை இந்த மருந்து காப்பாற்றியிருக்கிறது. ஆகவே இதைக் கெட்ட மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இது எப்படி வேலை செய்கிறது? புழுக்கள், பூச்சிகள் போன்ற உயிர்களின் நரம்பிலும் தசையிலும் குளூட்டமேட் என்ற பொருள் திறந்துவிடும் சில நுண்ணிய வாயில்கள் உண்டு. ஐவர்மெக்டின் அவற்றில் ஒட்டிக்கொண்டு மூடவிடாமல் வைத்துவிடும். நரம்பின் சமிக்ஞை ஓய்ந்துபோகும், உயிர் முடங்கும். மாட்டுக்கும் மனிதனுக்கும் அந்த வகை வாயில்கள் இல்லை. அதனால் சரியான அளவில் நமக்கு ஆபத்தில்லை.

குடற்புழுவிடமும் சாணி வண்டிடமும் அந்த வாயில் உண்டு. சிக்கல் இதுதான். மாட்டின் உடலுக்குள் போன மருந்தில் பெரும்பகுதி வீரியம் குறையாமலேயே சாணியோடு வெளியே வருகிறது. முதுகில் ஊற்றும் வகையோ ஊசியோ கொடுத்தால் அதன் பிறகு சில வாரங்கள் சாணியில் மருந்து இருக்கும். வயிற்றில் தங்கி மெதுவாக மருந்தை விடும் பெரிய மாத்திரை ஒன்று முன்பு புழக்கத்தில் இருந்தது. அதைக் கொடுத்தால் மாதக்கணக்கில் வரும்.

அந்தச் சாணியையும் வண்டுகள் தேடி வரத்தான் செய்கின்றன. வளர்ந்த வண்டுகள் பல நேரம் பிழைத்துக்கொள்ளும். முட்டையிலிருந்து வரும் புழுக்கள்தான் சாகின்றன, அல்லது வளராமல் நிற்கின்றன. 1987-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் இருவர் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஐவர்மெக்டின் கொடுத்த கன்றுகளின் சாணியும் கொடுக்காத கன்றுகளின் சாணியும் என்ன ஆகின்றன என்று ஒப்பிட்டிருந்தார்கள். மருந்தில்லாத சாணி வண்டுகளின் வேலையால் சிதைந்து மண்ணோடு போனது. மருந்துள்ள சாணி நாள்பட்டும் பெரிதாகச் சிதையாமல் கிடந்தது.

இப்போது கதண்டு ஈக்கு வருவோம். அதன் புழு வண்டுப் புழுவை நம்பி மண்ணுக்குள் இருக்கிறது. மேலே சாணி விழுகிறது, வண்டு வருகிறது, முட்டையும் இடுகிறது. ஆனால் புழு பிழைத்து வளர்வதில்லை. புல்வெளியில் மாடு இருக்கிறது, சாணி இருக்கிறது, வெயில் இருக்கிறது. படம் எடுத்துப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. வாழிடம் மட்டும் இல்லை.

மாட்டுக்குக் கொடுத்த மருந்து மாட்டைத் தாண்டிப் போவது நம் நாட்டில் கேள்விப்படாத விஷயம் அல்ல. டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து கொடுத்த மாடு செத்தால், அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. இந்தியா முழுவதும் பாறு கழுகுகள் சரிந்தன, 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மருந்து வேறு, வழி வேறு. ஆனால் மாட்டின் உடம்போடு மருந்தின் கணக்கு முடிந்துவிடுகிறது என்று நினைத்ததுதான் இரண்டு இடத்திலும் நடந்த தவறு.

இந்தப் பகுதியின் சாரம்: மாடு நிற்பதாலும் ஈ போகலாம், மாட்டுக்குத் தவறான நேரத்தில் மருந்து கொடுப்பதாலும் ஈ போகலாம். இரண்டிலும் நிலம் அப்படியே இருக்கும்.

அடிக்கடி கேட்கும் மூன்று யோசனைகள்

“வேலி போட்டுக் காப்பாற்றிவிடலாமே?” என்பது முதல் யோசனை. காட்டு யானைக்கோ கடலாமைக்கோ மனிதத் தலையீட்டைக் குறைப்பது பெரிய உதவி. கதண்டு ஈக்கு மனிதனும் மாடும் சேர்ந்து செய்த வேலைதான் வீடு கட்டிக் கொடுத்தது. அங்கே வேலி போட்டு மாட்டை வெளியே அனுப்பினால் பாதுகாப்பு என்ற பெயரிலேயே அதை இழப்போம். எந்த உயிருக்கு எது தேவை என்று பார்க்காமல் ஒரே மருந்தை எல்லா இடத்துக்கும் எழுதிக் கொடுக்கக் கூடாது.

“மரம் நடலாம்” என்பது இரண்டாவது. மரம் நடுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெட்டவெளி என்பது காலியான இடம் இல்லை. பழைய புல்வெளிக்கு அதற்கே உரிய உயிர்கள் உண்டு, அவற்றுக்கு நிழலே எதிரி. புல்வெளியைப் பார்த்தவுடன் குழி தோண்டக் கை பரபரக்கும் பழக்கத்தை உலகம் முழுவதும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது, “போனால் போகிறது, ஓர் ஈ தானே” என்பது. இதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சாணியில் தொடங்கும் பூச்சிகளின் உணவுச் சங்கிலியில் கதண்டு ஈ உச்சியில் இருக்கிறது. அது இருக்கிறது என்றால் அதற்குக் கீழே சாணி வண்டுகள் ஏராளமாக இருக்கின்றன, மண் உயிரோடு இருக்கிறது, பல வருடமாக மேய்ச்சல் அறுபடாமல் நடந்திருக்கிறது என்று பொருள். சாணி வண்டுகள் பிரிட்டனின் மாட்டுப் பண்ணைகளுக்குச் செய்துகொடுக்கும் வேலையின் மதிப்பு ஆண்டுக்கு சுமார் 36.7 கோடி பவுண்டு என்று 2015-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. புல்லைச் சாணி மூடிவிடாமல் காப்பது, சத்தை மண்ணுக்குத் தருவது, தொல்லை தரும் ஈக்களையும் ஒட்டுண்ணிகளையும் குறைப்பது எல்லாம் அதில் அடக்கம். இந்தப் பணக் கணக்கு இல்லாவிட்டாலும் அந்த ஈ வாழத் தகுந்ததுதான்.

அப்படியானால் மருந்தே கொடுக்கக் கூடாதா?

மாடு வளர்ப்பவர் உடனே கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. புழு தாக்கிய கன்று மெலிந்து சாகும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க யாராலும் முடியாது.

பதில், கொடுக்கலாம் என்பதுதான். எதற்கு, எப்போது, எத்தனை மாட்டுக்கு என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். முதலில் சாணியைப் பரிசோதித்து அதில் புழு முட்டை எத்தனை இருக்கிறது என்று எண்ணலாம். முட்டை எண்ணிக்கை குறைவாக இருந்தால் அந்த மாட்டுக்கு அந்தச் சமயம் மருந்து வேண்டியதில்லை. வழக்கமாக மந்தை முழுவதற்கும் நாள் குறித்து ஊற்றிவிடும் பழக்கத்தால் மருந்துக்குச் செலவு ஆகிறது, புழுக்களும் மருந்துக்குப் பழகிவிடுகின்றன. பரிசோதித்துக் கொடுப்பதால் விவசாயிக்கே இரண்டு வகையில் லாபம்.

அடுத்து, மருந்தின் வகை. எல்லாக் குடற்புழு மருந்தும் சாணி வண்டுகளுக்கு ஒரே மாதிரி இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த மாக்ஸிடெக்டின் ஐவர்மெக்டினைவிடச் சாணிப் பூச்சிகளுக்குக் குறைந்த தீங்கு செய்வதாகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. எது பொருந்தும் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரே மந்தையில் சில மாடுகளுக்கு மட்டும் மருந்து கொடுத்தாலும் மற்ற மாடுகளின் சுத்தமான சாணி நிலத்தில் விழுந்துகொண்டிருக்கும். வண்டுகள் அதில் தழைக்கும்.

நேரமும் முக்கியம். பிரிட்டனில் குளிர்காலத்தில் பல பண்ணைகளில் மாடுகளைக் கொட்டகைக்குள் கட்டிவிடுவார்கள். மருந்து தேவைப்படும் மாட்டுக்கு அப்போது கொடுத்தால், மருந்துள்ள சாணி கொட்டகையிலேயே விழும், வண்டுகள் முட்டையிடும் மேய்ச்சல் நிலத்துக்கு நேராகப் போகாது. வசந்தத்தில் மேய்ச்சலுக்கு விடும்போது சாணி சுத்தமாக இருக்கும். வருடம் முழுவதும் வெளியிலேயே மேயும் நாட்டு இன மாடுகளைக் குறைந்த எண்ணிக்கையில் விடுகிற இடங்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட மாடுகள் கட்டையான புல்லையும் கரடுமுரடான புல்லையும் மாறிமாறி விட்டுவைக்கும். ஈக்கு உட்கார வெட்டவெளியும் கிடைக்கும், அதன் இரைக்கு ஒதுங்க இடமும் கிடைக்கும்.

மேய்ச்சல் விட்டுப்போன நிலத்தில் மாட்டைத் திரும்பக் கொண்டுவருபவர்கள் முதல் வருடமே ஈயைத் தேடிப் போய் ஏமாறக் கூடாது. முதலில் புதர் குறைய வேண்டும், அப்புறம் வண்டுகள் வந்து பெருக வேண்டும். பக்கத்தில் எங்காவது எஞ்சியிருக்கும் கூட்டத்திலிருந்து பெண் ஈ பறந்து வந்து முட்டையிட வேண்டும். அந்த முட்டையிலிருந்து வந்த புழு மண்ணை விட்டு மேலே வரவே இன்னும் இரண்டு மூன்று வருடம் இருக்கிறது. அதுவரை மாடும் மேய வேண்டும், சாணியும் சுத்தமாக இருக்க வேண்டும். இத்தனை வருடம் பொறுக்கிற பண்ணைக்காரருக்குத் துணையாக அரசின் மானியமும் அதே அளவு நீண்டதாக இருந்தால்தான் இது நடக்கும்.